பீஸைப் பாக்கற கண்ணு

வா கண்ணு, உக்காரு. திண்ணையில எடம் கெடக்குது. மொதல்ல கையில கட்டியிருக்கற அந்தக் கண்றாவியைக் கழட்டி வை. நீ பேசப் பேச அது மினுக்கு மினுக்குனு கண்ணடிக்குது. எனக்குக் கூச்சமா இருக்குது.

என்னது, 7,400 அடிதான் ஆயிருக்குதா? இன்னும் 2,600 பாக்கியேன்னு வெசனமா? அட அப்புனு, உங்கூட்டுல இருந்து இங்க வர்றதுக்கு ஒரு இட்டேரியைத் தாண்டோணும். அதுக்கே வண்டியில வந்தே. அப்பறம் ரவைக்கு மொட்டை மாடியில கொசுக்கடி வாங்கிக்கிட்டுச் செக்குமாடாட்டம் சுத்தறே, கணக்கை முடிக்கோணும்னு.

அந்தப் பத்தாயிரம் யாரு வெச்ச கணக்குன்னு தெரியுமா? டாக்டருக யாரும் கூடி உக்காந்து வெச்சதில்லே. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்ச சூட்டோட, 1965-ல ஜப்பான்ல அடி எண்ணற கருவி ஒன்னு வித்தாங்க. அதுக்கு வெச்ச பேரே ‘பத்தாயிரம் அடி மானி’. யாவாரி வெச்ச பேரு அறுபது வருசம் கழிச்சுப் பெருமாநல்லூரு மொட்டை மாடியில வந்து உன்னை வெரட்டுது. நட கண்ணு, நல்லா நட. நடக்கறதை யாரு வேண்டாம்னா? இட்டேரியிலயும் நடக்கலாமுல்ல?

கழுத்துல என்ன, கருங்காலி மாலையா? வெடியால வெறும் வயித்துல ஆப்பிள் காடித் தண்ணியா? போன மாசம் அறுபது டெஸ்ட்டோ எழுவது டெஸ்ட்டோ ஒரே பேக்கேஜா எடுத்தியாமா, உங்காயா சொல்லுச்சு. அந்தத் தாளெல்லாம் எங்கே? பீரோவுக்குள்ளயா? யாருகிட்டக் காட்டுனே? யாருகிட்டயும் காட்டலயா! ஜாதகத்தை எழுதி வாங்கிக் கட்டி வெச்சவன் கல்யாணம் ஆயிருச்சுன்னு நெனச்ச கதையால்ல இருக்குது.

சித்த அந்த மாலையை ஒதுக்கு. கழுத்தைத் திருப்பு.

பாத்தியா. பின்னங்கழுத்துல பட்டையாக் கறுப்பு. வெல்வெட்டுத் துணியாட்டம் தடிச்சிருக்குது. உன்ற பொண்டாட்டி எலுமிச்சம்பழத்தோலு போட்டுத் தேய்க்கறா, தயிரு பூசறா. போகுதா? போகாது. அழுக்கா இருந்தாத்தானே போகும். ஒடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுன்னா பலபேருக்குக் கழுத்துலயும் கக்கத்துலயும் இப்படித்தான் கறுக்கும். சர்க்கரை வீட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி வாசல்ல செருப்பைக் கழட்டி விடுமல்ல, அந்தச் செருப்பு இது. நீ மாலையைப் போட்டு மறைச்சு வெச்சிருக்கே.

பனியன் கம்பெனியில எத்தனை வருசமாச் செக்கிங் பாக்கறே? பன்னெண்டா? ஒரு பீஸு கைக்கு வந்தா என்ன பண்ணுவே? லைட்டுக்கு நேரா விரிப்பே. பொடி ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக்கோடு, பிசிறு, ஒன்னும் உங்கண்ணுக்குத் தப்பாது. ஜெர்மனிக்காரன் போட்டுக் கிழிக்கப்போற முன்னூறு ரூவாத் துணிக்கு அத்தனை கண்ணு. உன்னைப் பெத்து வளத்து எழுவது கிலோவாக்கி உட்டிருக்கறாளே உங்காயா, அந்தப் பீஸை என்னிக்காவது வெளிச்சத்துல விரிச்சுப் பாத்திருக்கியா?

சர்க்கரையின்னு சொன்னதும் உங்கப்பனும் இப்படித்தான் முழிச்சான். அவனுக்கு ஒரு சமாதானம் இருந்துச்சு. “நான் வெள்ளைச் சர்க்கரையே தொடறதில்லீங், நாட்டுச்சர்க்கரைதானுங்” அப்படீன்னான். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை நம்ம பக்கத்துச் சரக்கு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போறது. அருமையான பண்டம், நானும் ஒத்துக்கறேன். ஆனா பேருலயே சர்க்கரை இருக்குதேடா! பட்டிக்காட்டுல பொறந்ததுங்கற ஒரே காரணத்துக்காக அது ரத்தத்துல கலக்காம ஓரமா நின்னுக்குமா? 2023-ல ஐசிஎம்ஆர் ஆய்வு ஒன்னு வந்துச்சு, நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரைன்னு. அந்தப் பத்துக்கோடியில எத்தனை பேரு வரக்காப்பியில நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிச்ச பத்தியக்காரனுகளோ.

நம்மூருக் கொண்டத்துக் காளியம்மன் கோயில்ல பங்குனிக் குண்டம் பாத்திருக்கறயில்ல? காப்புக் கட்டி, விரதமிருந்து, குண்டம் எறங்கறவன் சுடலேன்னு சொன்னா அது ஆத்தா அருள். சரி. சித்திரை வெயில்ல தார் ரோட்டுல ஒத்தைச் செருப்பு கழண்டு போனதே தெரியாம பத்தடி நடந்து வந்தவனும் சுடலேங்கறானே, அதுவும் ஆத்தா அருளா? அது நரம்பு செத்துட்டு வர்றது கண்ணு. உங்கப்பன் அப்படித்தான் வந்து நின்னான், கால்ல ஒரு ஆணி ஏறியிருந்ததும் தெரியாம. அன்னிக்கிருந்து பொழுதோட காலைக் கழுவித் தொடைச்சு, உள்ளங்காலைக் கண்ணாடியில காட்டிப் பாக்கச் சொல்லியிருக்கறேன். பண்றானான்னு நீதான் பாக்கோணும்.

உந்தங்கச்சி பச்சரிசி திங்கறாளே, அதையும் சொல்லிப்போடறேன். அரிசி களையறப்ப ஒரு கைப்புடி வாயில போட்டுக்குவா. நாங்கெல்லாம், “பச்சரிசி தின்னாக் கல்யாணத்தன்னிக்கு மழை வரும்”னு சொல்லிச் சிரிச்சோம். மழை எங்க வந்துச்சு? ரத்த சோகைதான் வந்து கெடந்துருக்குது. அரிசி, சாம்பலு, செவுத்து மண்ணு, பனிக்கட்டி இதுகளைத் தேடித் தேடித் தின்னா பெரும்பாலும் ஒடம்புல இரும்புச்சத்து கம்மின்னு அர்த்தம். கீழ் எமையை இழுத்துப் பாரு, செவப்பா இருக்கோணும். வெளுத்திருந்தா ரத்தத்தைச் சோதிச்சு, சத்து மாத்திரை வாங்கிக் குடு. பனியன் கம்பெனிப் புள்ளைக பாதிப்பேரு இந்த வெளுத்த எமையோடதான் ஒன்னரை ஷிப்டு பாத்துட்டுப் போகுதுக. மூஞ்சிக்குக் கிரீமு மட்டும் தவறாமப் பூசிக்கும்.

இப்ப என்ற கதைக்கு வர்றேன். இது கொஞ்சம் பெருசு. தண்ணி வேணும்னா குடிச்சுக்க.

நான் எளந்தாரியா இருக்கையில ஒரு நூல் மில்லுல வேலை. புளோ ரூமு. பஞ்சுப் பொதியைப் பிரிச்சு உதறி மிசினுக்குப் போடற எடம். உள்ள போனா எதிர்க்க நிக்கறவன் மூஞ்சி தெரியாது. மார்கழிப் பனியாட்டம் இருக்கும், பஞ்சுத்தூசி. ஞாயித்துக்கெழமை லீவு. திங்கக்கெழமை ஷிப்டு ஏறி ரெண்டு மூனு மணி நேரத்துல நெஞ்சை யாரோ கயித்துல கட்டி இறுக்கறாப்பல இருக்கும். இருமலு. மூச்சு உள்ள போகாது. செவ்வாக்கெழமை கொஞ்சம் தேவலை. புதனுக்கு ஒன்னுமே இருக்காது. சனிக்கெழமை சம்பளம் வாங்கையில குதிரையாட்டம் இருப்பேன். மறுக்காத் திங்கக்கெழமை, மறுக்காக் கயிறு.

மேஸ்திரி என்ன சொன்னான் தெரியுமா? “ஞாயித்துக்கெழமை கறியும் சாராயமும் அடிச்சா அப்படித்தான் இருக்கும்”னான். நான் ஏதோ சாராயம் குடிக்காதவனாட்டம் ரோசப்பட்டேன். அது வேற கதை. எங்காயா திருநீறு போட்டு உட்டுச்சு. பக்கத்து மிசின்காரன் சோம்பேறி நோவுன்னான். லீவு முடிஞ்சு வேலைக்குப் போக நெஞ்சு வலிக்குதுன்னா யாருதான் நம்புவா?

அதுக்குப் பேரு இருக்குது கண்ணு. பிசினோசிஸ். பஞ்சுத்தூசி நோவு. பஞ்சோட ஒட்டிக்கிட்டு வர்ற காஞ்ச எலைத்தூளும், அதுல குடியிருக்கற கிருமியோட நஞ்சும் நுரையீரலுக்குள்ள போய்ச் சுருங்க வெக்குது. லீவு நாளு ஓய்வு எடுத்த நுரையீரலு மொத நாளு தூசி பட்டதும் முறைச்சுக்கும். ஆரம்பத்துல திங்கக்கெழமை மட்டும். வருசம் போகப் போக செவ்வா, புதன்னு நீளும். அப்பறம் வாரம் பூராவும் திங்கக்கெழமையாப் போயிரும். அந்தக் கட்டத்துல மில்லை உட்டு வந்தாலும் மூச்சு முழுசாத் திரும்பாது. பீடி குடிக்கறவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

1831-லயே மான்செஸ்டர்ல ஜேம்ஸ் கேன்னு ஒரு டாக்டரு, நூல் ஆலைக்காரங்க நெஞ்சு நோவைப் பத்தி எழுதி வெச்சுட்டாரு. நம்ம ஆளுக கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர்னு போர்டு எழுதி மாட்டுனாங்களே, பேரை வாங்கறப்ப இருமலும் சேர்ந்து வரும்னு ரோசனை பண்ணுனாங்களா?

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஒன்னு இருக்குது. 1950-கள்ல இங்கிலாந்துல ஷில்லிங்குன்னு ஒரு டாக்டரு லங்காஷையர் மில்லுக்காரங்களைப் பாத்தாரு. நோவு எவ்வளவு முத்தியிருக்குதுன்னு தரம் பிரிக்க அவரு அடிப்படையா வெச்சது ஒரு கேள்வி. நெஞ்சு எந்தக் கெழமை இறுக்குது? வாரத்து மொத நாளு எப்பவாச்சுமா, ஒவ்வொரு வாரமுமா, மத்த நாளுமா? அவ்வளவுதான். அறுபது டெஸ்ட்டு எடுத்தாலும் அந்தக் கேள்விக்கு நீதான் பதில் சொல்லியாகோணும். கெழமையைக் கவனிச்சவனுக்கு நோவு புரிஞ்சுது. என்ற மேஸ்திரி சாராயத்தைக் கவனிச்சான்.

அமெரிக்காக்காரன் 1978-ல சட்டம் போட்டான், நூல் நூக்கற எடத்துல ஒரு கனமீட்டர் காத்துல 200 மைக்ரோகிராமுக்கு மேல பஞ்சுத்தூசி இருக்கப்படாதுன்னு. ஒரு சிட்டிகை உப்பை ஆயிரம் பங்கு போட்டா ஒரு பங்குகூடத் தேறாது, அவ்வளவு பொடிசு. நாங்க சிட்டிகையா முழுங்குனோம், மொடாக்கணக்குல முழுங்குனோம். நம்ம நாட்டுச் சட்டத்துலயும் தொழில் நோவுப் பட்டியல்ல இதும் பேரு இருக்குது. பட்டியல்ல இருக்கறது தெரிஞ்சாத்தானே வாயைத் தொறந்து கேப்பே?

உன்ற கம்பெனியில மில்லளவுக்குத் தூசி இல்லே. ஆனா வேஸ்ட் குடோன்ல பஞ்சு பிரிக்கறவன் இருக்கறான், புளோ ரூமுக்கு இன்னிக்கும் ஒடிசாவுல இருந்து ஒரு பையன் வந்து எறங்கறான். அவன் இருமுனா, “எந்தக் கெழமைடா எச்சா இருக்குது?”ன்னு கேளு. இந்தி தெரியாட்டி வெரலை உட்டு எண்ணிக் காட்டு. மூக்கைத் துணியில கட்டிக்கறது ஓரளவுக்குத்தான். மிசின்கிட்டயே தூசியை உறிஞ்சி எடுக்கோணும், அது மொதலாளி செய்ய வேண்டிய வேலை.

கெழமை பாக்காம ரெண்டு வாரத்துக்கு மேல இருமலு, பொழுதோட காச்சல், எளைப்பு இருந்தா அது வேற ஜாதி, காசமா இருக்கலாம். சளியைச் சோதிச்சுரோணும். எங்க காலத்துல இருமுனாப் பெருந்துறை சானிடோரியந்தான். “சானிடோரியத்துக்குப் போயிருக்கறான்”னு சொன்னா அடுத்த பழமை எழவைப் பத்தித்தான். அப்பறம் மெட்ராஸ்ல ஒரு மையம் வெச்சு 1956-ல இருந்து சோதிச்சாங்க. பாதிப்பேருக்கு சானிடோரியத்துல படுக்கையும் நல்ல சாப்பாடும் குடுத்து வைத்தியம், மீதிப்பேருக்கு அவனவன் குடிசையிலயே வெச்சு அதே மருந்து. முடிவு என்ன? கஞ்சி குடிச்சுக்கிட்டு வீட்டுல மாத்திரை தின்னவனும் கிட்டத்தட்ட அதேயளவுக்குப் பொழைச்சான். ஒலகமே அதைப் பாத்து வைத்தியத்தை மாத்துச்சு. மருந்தை முழுசாத் தின்னு முடிச்சியா இல்லையாங்கறதுதான் சங்கதி. ரெண்டு மாசத்துல இருமலு நின்னுச்சுன்னு மாத்திரையை உட்டவன் பொழைக்கலே.

சரி, நீ வந்த வெவகாரம் என்ன? கை மரத்துப் போகுதுன்னு செல்போன்ல தேடுனே. அது லச்சத்துல ஒருத்தனுக்கு வர்ற ஏதோ ஒரு நோவைக் காட்டுச்சு. மூனு நாளாச் சோறு எறங்கலே. அப்படித்தானே?

2022 ஜனவரி ஞாபகமிருக்குதா? அவிநாசி பாப்பாங்குளத்துல சோளக்காட்டுக்குள்ள சிறுத்தை பூந்து ஆளுகளை அடிச்சுது. கடைசியில திருப்பூர் அம்மாபாளையத்துப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் புடிச்சாங்க. அதுக்கு முந்தி காட்டுல சலசலன்னா நாயிம்போம், பன்னியிம்போம். அதுக்கப்பறம் ஒரு மாசத்துக்குப் பூனை குறுக்க போனாலும் சிறுத்தைன்னு ஓடுனோம். உன்ற செல்போனுக்கு வருசம் பூராவும் அந்த ஒரு மாசந்தான். அதுக்கு நாயே தெரியாது. மரத்துப் போற கைக்கு நாயி எதுன்னு கேக்கறியா? பன்னெண்டு வருசமா மணிக்கட்டை மடிச்சு மடிச்சுத் துணியை இழுத்துப் பாக்கறயே, அங்க நரம்பு நசுங்கியிருக்கும். ராத்திரியில எச்சா மரத்து, கையை உதறுனாத் தேவலையா இருக்குதா? அதேதான். சர்க்கரையும் ஒரு கை குடுத்திருக்கும். டாக்டரைப் போய்ப் பாரு.

ஆனா ஒன்னு. சிறுத்தை வரவே வராதுன்னும் இருந்துராதே. அன்னிக்குச் சோளக்காட்டுக்குள்ள போனவன் நாயின்னு நெனச்சுத்தான் போயிருப்பான். தடத்தைப் பாக்கோணும். அதை நான் பாக்காம உட்டதைத்தான் இப்பச் சொல்லப்போறேன்.

எங்க ஒறம்பறையில ஒரு பையன். நாலு வயசு. கெண்டைக்காலு ரெண்டும் உருண்டு தெரண்டு இருக்கும். “பாரு, பயில்வான் கணக்கா இருக்கறான், கபடிக்கு அனுப்போணும்”னு ஊரைக் கூட்டிச் சொன்னவன் நாந்தான். ஆனா அவன் ஓட மாட்டான், அடிக்கடி வுழுவான். படியேறச் சொன்னா அழுவான். தரையில உக்காந்தா எந்திரிக்கையில ஒரு மாதிரி எந்திரிப்பான். மொதல்ல நாலு கால்ல நிப்பான், அப்பறம் தன்ற முட்டியைப் புடிச்சு, தொடையைப் புடிச்சு, தம்மேலயே ஏணி போட்டு ஏறறாப்பல. நாங்க அதைப் பாத்துக் கைகொட்டிச் சிரிச்சோம். செல்லங்கொஞ்சறான்னு நெனச்சோம்.

அது தசைச்சிதைவு நோவு. டூஷேன்னு சொல்றாங்க. கெண்டைக்காலு தெரண்டதே நோவுதான். தசை கரைஞ்சு, அந்த எடத்துல கொழுப்பும் நாரும் ரொம்பிக்கிட்டு வருது. பெரும்பாலும் ஆம்பளைப் பசங்களுக்குத்தான் வரும். தாய் வழியா வரலாம், புதுசாவும் வரலாம். ஒரு ரத்த டெஸ்ட்டுல, சிகேன்னு பேரு, மொதத் துப்பு கெடைச்சுரும். மரபணுச் சோதனைக்கும் ஆலோசனைக்கும் கோயமுத்தூர்லயே எம்டிசிஆர்சின்னு மையம் இருக்குது. முழுசாக் குணமாக்க மருந்தில்லே. சீக்கிரம் தெரிஞ்சா ஸ்டீராய்டு மாத்திரையும் ஒடம்புப் பயிற்சியும் நடக்கற வருசத்தை நீட்டிக் குடுக்கும். நாங்க சிரிச்ச ரெண்டு வருசம் அந்தக் கணக்குல போச்சு.

சேலத்துல வானவன் மாதேவி, இயல் இசை வல்லபின்னு அக்கா தங்கச்சி. ரெண்டு பேருக்கும் தசைச்சிதைவு. சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டே ஆதவ் அறக்கட்டளைன்னு ஒன்னை ஆரம்பிச்சு, இதே நோவுக்காரங்களுக்கு ஒடம்புப் பயிற்சியும் தைரியமும் குடுத்தாங்க. அக்கா 2017-ல போயிருச்சு. அந்தப் புள்ளைகளைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்ட பொறகுதான் எங்க பையனைக் கூட்டிக்கிட்டு நானும் ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பிச்சேன். கபடின்னு சொன்ன வாயி, என்ன பண்றது.

கொழந்தைககிட்டத் தடம் எப்படிப் பாக்கறதுங்கறே? நேத்து ஏறுன படியை இன்னிக்கு ஏற முடியலேன்னா, பேசுன பேச்சு நின்னுச்சுன்னா, காயத்துல ரத்தம் நிக்காம முட்டியில வீங்குச்சுன்னா, ஒரே குடும்பத்துல ரெண்டு கொழந்தைக்கு ஒரே மாதிரி வந்துச்சுன்னா, அது நாயி போன தடமில்லே. இன்னொன்னு. காடு கழனி வெளிய போகப்படாதுன்னு தலைமுறை தலைமுறையா மாமன் மகளையே கட்டறோமில்ல, ரெண்டு பக்கத்துலயும் ஒளிஞ்சு கெடக்கற ஒரே குறை ஒன்னு சேர அதுதான் தோது. அப்படி வர்ற நோவுகளும் கொஞ்சநஞ்சமில்லே. ஒரு ஏக்கரு மிஞ்சுச்சு, அதை ஆள ஆளில்லே.

நெஞ்சு வலிக்கு சோடா குடிக்கறவனைப் பத்திச் சொல்லோணுமா? வேர்த்து ஊத்துது, எடது கை இழுக்குது, தாடை வலிக்குது, இவன் “கேஸ் ட்ரபிளு”ன்னு கடையில கோலி சோடாவை ஒடைச்சுக்கிட்டு நிக்கறான். அப்பறம் வாயி கோணி, கை வுழுந்து, பேச்சுக் கொழறுனவனைப் புறா ரத்தம் தேய்க்கக் கூட்டிக்கிட்டுப் போறான். மூளையில ரத்தம் கட்டியிருந்தா அதைக் கரைக்கற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடோணும். புறாவைப் புடிக்கவே மூனு மணி நேரம் ஆயிருது. 108-க்கு அடி. புறாவாவது பொழைச்சுப் போகட்டும்.

உன்ற இஎஸ்ஐ கார்டு எங்கே? தெரியாதா? 2019 பிப்ரவரியில பிரதமரு நம்ம பெருமாநல்லூருக்கே வந்து, திருப்பூருக்கு நூறு படுக்கை இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு அடிக்கல்லு நாட்டிட்டுப் போனாரு. நீ கூட்டத்துல நின்னு செல்பி எடுத்தே. மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவனுக்கு அது பாத்தியதை. சம்பளத்துல நூத்துக்கு முக்கா ரூவா புடிக்கறாங்க, மொதலாளி மூணேகால் ரூவா போடறான். புடிக்கறாங்களா இல்லையான்னாவது பாத்தியா? பீஸு ரேட்டுல பத்துப்பைசா கொறைஞ்சா மட்டும் மேனேஜரு ரூமுக்குள்ள போய் நிக்கத் தெரியுது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்னும் இருக்குது, அதையும் ஒத்துக்கறேன். ரத்தக் கொதிப்பு. கறையுமில்லே, ஓட்டையுமில்லே, வலியுமில்லே. எத்தனை வெளிச்சத்துல விரிச்சாலும் தெரியாது. கையில பட்டையைக் கட்டி அளந்தாத்தான் உண்டு. தலை சுத்துனாத்தான் பிரஷருன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறவன், கரண்டு பில்லு வந்தாத்தான் லைட்டு எரிஞ்சுதுன்னு நம்பறவன். எனக்கு அப்படித்தான் கண்டுபுடிச்சாங்க, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021-ல ஆரம்பிச்சாங்களே, அதுல ஒரு அம்மா வீடு தேடி வந்து. மாசாமாசம் மாத்திரையும் கொண்டாந்து குடுத்துருது. நான் ஒரு நாளு தவறாமத் திங்கறேன்னு ஊருக்கே உதாரணம் சொல்லிக்கிட்டிருக்குது.

ஆரு அது, வாசல் கேட்டுக்கிட்ட? அந்தம்மாவா? வாங்கம்மணி, உங்களைப் பத்தித்தான் பழமை ஓடிக்கிட்டிருந்துச்சு. ஏனுங், பழைய அட்டையைக் காட்டோணுமா? அது எங்க வெச்சனோ... ஏ கண்ணு, எந்திரிச்சு எங்கடா போறே? அந்த மாடத்துல கையை உடாதே... அட, அதை எதுக்கு அந்தம்மாகிட்டக் குடுக்கறே?

எண்ணாதீங்கம்மணி. ஒம்பது எச்சா இருக்கும்.